பதினான்காம் எண் தகடு

ஜூன் 3, செவ்வாய்

பால் பாக்கெட் இன்றும் கசிந்திருந்தது. கடைக்காரரிடம் சொன்னால், "பாக்கெட்டுன்னா கசியத்தான் செய்யும் ஆன்ட்டி" என்கிறார். கசியத்தான் செய்யும் என்றால் பாக்கெட் எதற்கு?

பதினோரு மணிக்குத் தபால். தீயணைப்புத் துறைத் தலைமை அலுவலகத்திலிருந்து. உறையில் என் பெயருக்கு முன்னால் 'திருமதி' இல்லை. மனுவை நிராகரிக்கவில்லையாம், 'இரண்டு ஐயங்கள் எழுந்துள்ளன' என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்று, கிடங்கு எரிந்த அக்டோபர் 11 அன்று என் கணவர் விடுப்பில் இருந்ததாக நிலையப் பதிவேடு சொல்கிறது. இரண்டு, அவர் அன்று வீட்டில்தான் இருந்தார் என்று உறுதிசெய்யும் கடிதம் ஒன்று கோப்பில் இருக்கிறது. நகல் இணைக்கப்பட்டுள்ளது.

நகலை உறையிலிருந்து எடுக்கவில்லை. அது யார் எழுதியது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 4, புதன்

தலை குழம்பினால் வரிசையாக எழுதிப் பார் என்பார் பள்ளியில் எங்கள் சிஸ்டர். எழுதிப் பார்க்கிறேன்.

முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால் ரயில் பாதையோரம் இருந்த பெயின்ட் கிடங்கு ஒன்றரை நாள் எரிந்தது. உள்ளே போனவர்கள் ஏழு பேர். அவர்களில் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். ஏழாமவர் என் கணவர். நான்கு வருடங்களுக்கு முன்னால். அதே நோய், அதே இருமல்.

போன வருடம்தான் துறை ஒப்புக்கொண்டது: அந்தப் புகையால் பின்னாளில் இறந்தவர்களும் பணியில் இறந்தவர்களே. நிலையத்து வாசலில் இருக்கும் கறுப்புக் கல்லில் ஆறு பெயர்களையும் செதுக்கினார்கள். குடும்பத்துக்கு அவரவர் தகட்டைக் கொடுத்தார்கள்.

தகடு என்பது ஒரு பித்தளை வில்லை. எலுமிச்சம்பழ அளவு, நடுவில் எண். தீக்குள் போகிறவர் அதை வண்டியருகே இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் தகடு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அவருடைய எண் பதினான்கு.

எனக்கு ஓய்வூதியம் வருகிறது. வீடு இருக்கிறது. மகள் இருக்கிறாள். வேறெதுவும் கேட்கவில்லை. கல்லில் அவர் பெயர்; கையில் அந்தத் தகடு.

இரவெல்லாம் இருமல். வெந்நீர்.

ஜூன் 5, வியாழன்

கூடத்துத் திரைச்சீலைக் கம்பியைத் தச்சரை வைத்துச் சரிசெய்துவிடலாமா என்று மகள் போனில் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஜூன் 7, சனி

சரி. எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 11. அவருக்கு எட்டு மாதத்தில் கிடைத்த முதல் விடுப்பு. கூடத்தில் திரைச்சீலைக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். நான் முக்காலியைப் பிடித்திருந்தேன். வலப்பக்கம் திருகாணி முடுக்கியாயிற்று. இடப்பக்கத்துக்கு ஒரு விரல் மேலே என்று நான் சொல்கிறேன், போதும் என்கிறார் அவர். அப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதை எண்ணியதும் அவர் முகம் மாறியது.

"எட்டிப் பாத்துட்டு வந்துடறேன், மதர்."

கான்வென்ட்டில் படித்தவள், கண்டிப்பானவள் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது. இடப்பக்கத்தில் தற்காலிகமாக ஓர் ஆணியை அடித்துக் கம்பியை அதில் நிறுத்திவிட்டுப் போனார். அது இன்னும் அந்த ஆணியில்தான் இருக்கிறது. ஒரு விரல் கீழே.

விடுப்பில் இருப்பவரின் தகடு நிலையத்தில் பூட்டிக் கிடக்கும். தகடு இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வண்டி ஓட்டுநர் எப்போதும் வெளியே பம்ப் அருகில் நிற்பவர். அவர் தகட்டுக்கு வேலையில்லை. என் கணவர் அதை வாங்கி மாட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறார். ஒன்றரை மணி நேரம். அங்கே மயங்கிக் கிடந்த காவலாளியைத் தோளில் போட்டுத் தூக்கி வந்திருக்கிறார்.

மறுநாள் யாரோ புகார். விடுப்பில் இருந்தவரை அங்கே பார்த்தோம் என்று. பதவி உயர்வுக்கு இன்னும் இரண்டு வாரம். அப்போதிருந்த நிலைய அதிகாரியே வீட்டுக்கு வந்து, "வீட்டம்மா ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சிடும்" என்றார்.

ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். 'அக்டோபர் 11 அன்று என் கணவர் நாள் முழுவதும் வீட்டில் இருந்தார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய். அடித்தல் திருத்தல் இல்லாமல், நல்ல கையெழுத்தில்.

பீரோவைத் திறந்து அந்த வருடத்து நாட்குறிப்பையும் பார்த்தேன். அதே தேதி. ஒரே வரி: 'நாள் முழுவதும் வீட்டில் இருந்தார்.' யாராவது எடுத்துப் படித்தால் என்ன செய்வது என்று அதிலும் பொய். எனக்கு நானே பொய்!

ஜூன் 10, செவ்வாய்

தீயணைப்பாளர் சங்கத்து வக்கீல் வந்தார். நல்ல மனிதர்தான், சட்டைப் பையில் இரண்டு பேனா; இரண்டும் எழுதவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.

"பதிவேட்டக் கூட சமாளிச்சுடலாம் மேடம். இந்த லெட்டர்தான் கழுத்தப் பிடிக்குது. முப்பது வருஷம் ஆச்சு. கையெழுத்து என்னோடதில்லன்னு சொல்லிடுங்களேன், யாரு நிரூபிக்கப் போறா?"

"என் கையெழுத்த என்னோடதில்லன்னு நானே சொல்லணுமா?"

"ஒரு வழிக்குச் சொன்னேன் மேடம்."

"நல்ல வழி. காபி ஆறுது, குடிங்க."

குடித்தார். பிறகு, "அப்போ நிஜத்தச் சொல்லணும். நீங்களும் சொல்லணும், தகடு குடுத்தவரும் சொல்லணும். நீங்க மட்டும் சொன்னா, பெயருக்காக இப்போ மாத்திப் பேசறாங்கன்னு குழுவுல சொல்லிடுவாங்க" என்றார்.

விசாரணைக் குழு ஜூலை 2 அன்று கூடுகிறது. போகும்போது என் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 12, வியாழன்

சைரன் வீட்டுக்குப் போனேன். அந்த ஓட்டுநர்தான். குரலுக்காக வைத்த பெயர். இப்போது காது மந்தமாகிவிட்டதால் குரல் இன்னும் ஏறியிருக்கிறது. "அண்ணி! வாங்க வாங்க வாங்க!" தெருவில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு மேலே சுவரில் நற்சான்றிதழ். கண்ணாடி போட்டு, தங்கநிறச் சட்டம். 'கிடங்குத் தீயில் உயிரைப் பொருட்படுத்தாது காவலாளியை மீட்டமைக்காக.' தகடு அவருடையது. ஆகவே பாராட்டும் அவருக்கு வந்தது. அன்றைக்கு மறுத்திருந்தால் இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவர் தணிந்த குரலில் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

"அண்ணி, பேத்தி ஸ்கூல்ல இதப் பத்திக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கா."

"ம்."

"அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேன். மாலை உங்களுக்கு வர வேண்டியது, எனக்குக் கழுத்து அரிக்குதுன்னு. சொறிஞ்சுக்கோடான்னாரு. சிரிச்சாரு."

சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்; முதலில் மூக்குதான் சிரிக்கும்.

"நான் என்ன அண்ணி பண்றது?"

"நான் என்ன பண்ணப் போறேன்னு சொல்லத்தான் வந்தேன் தம்பி. நீங்க என்ன பண்ணணும்னு சொல்ல வரல."

கெஞ்சவில்லை. எனக்குக் கெஞ்சத் தெரியாது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது தோன்றியது: கொஞ்சம் கெஞ்சியிருக்கலாமோ?

ஜூன் 15, ஞாயிறு

மகளிடம் சொன்னேன். ஒன்பது வயதில் அவள் கணக்கு மதிப்பெண்ணை மறைத்ததற்காக, 'நான் பொய் சொல்ல மாட்டேன்' என்று நூறு தடவை எழுத வைத்தவள் நான். அந்தக் கிடங்குத் தீக்குப் பிறகு நான்கே மாதத்தில்.

முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அம்மா, நீ நூறு தடவ எழுதினியா?"

"வாயாடி."

"எழுதலல்ல? அப்ப என் நூற நீ வெச்சுக்கோ. நான் முன்னாடியே எழுதிட்டேன்."

சிரித்தாள். நானும். வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அவளுக்கும் முதலில் மூக்குதான் சிரிக்கும்; போனிலேயே கேட்கும்.

ஜூன் 19, வியாழன்

நிலையத்துக்குப் போனேன். அவர் போன பிறகு முதல் தடவை. வண்டிகள் நிற்குமிடத்தில் அதே வாசனை. டீசல், ஈரக் குழாய், ரப்பர். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். யாரும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

நிலைய அதிகாரி ஒரு பெண். முப்பத்தைந்து இருக்கும். மேஜை சுத்தம். பழைய பதிவேடுகளைத் தானே தூசி தட்டி எடுத்து வைத்திருந்தாள்.

"இதப் பாருங்கம்மா" என்று இரண்டு தாள்களை அருகருகே வைத்தாள். ஒன்று, பலகைத் தாள்: எண் 22, உள்ளே 2.10, வெளியே 3.45. இருபத்திரண்டு சைரனுடையது. இன்னொன்று, பம்ப் தாள்: கால்மணிக்கு ஒருமுறை நீரழுத்தம் எழுதி ஓட்டுநர் கையெழுத்துப் போட வேண்டும். 2.15, 2.30, 2.45 என்று 3.45 வரை ஏழு இடத்திலும் சைரனின் கையெழுத்து.

"ஒரே ஆள் ஒன்றரை மணி நேரம் உள்ளயும் இருந்திருக்காரு, வெளியவும் இருந்திருக்காரு" என்றாள். "முப்பது வருஷமா யாரும் ரெண்டையும் சேத்துப் பாக்கல. ஆனா, அவர் தகட்டுல யாரோ போனாங்கன்னுதான் இது சொல்லுது. யாருன்னு மனுஷங்கதான் சொல்லணும்."

பிறகு, தீக்குள் போகும்போது போட்டுக்கொள்ளும் கோட் பற்றிக் கேட்டாள். புகை படிந்த அந்தக் கோட்டை அன்று எங்கே கழற்றினார், யார் துவைத்தது?

"நிலையத்துல மாட்டினா தெரிஞ்சு போயிடும்னு வீட்டுக்குக் கொண்டு வந்தாரு. நான்தான் துவச்சேன். குளியலறையில. பக்கத்து வீட்டுக்கு வாடை போகக் கூடாதுன்னு ஜன்னலச் சாத்திக்கிட்டு."

"எத்தன தண்ணி?"

"ஆறு. ஆறாவதும் கறுப்பாத்தான் இருந்தது. ஏழாவது ஊத்தினேன். அழுக்க மிச்சம் வெச்சு எனக்குப் பழக்கமில்ல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, இந்த இருமல் எத்தன நாளா?"

ஜூன் 24, செவ்வாய்

ஸ்கேன். அந்தப் பெண்ணே ஏற்பாடு செய்து கூடவே வந்தாள். குழாய்க்குள் படுக்க வைத்து மூச்சை அடக்கச் சொல்கிறார்கள். அடக்குவதில் எனக்கென்ன சிரமம்?

ஜூன் 26, வியாழன்

வலது நுரையீரலில் பழைய தழும்பு. சின்னது. வளரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். வீட்டில் யாராவது புகைபிடிப்பார்களா என்று கேட்டார். இல்லை, ஒருமுறை ஒரு கோட்டைத் துவைத்தேன் என்றேன்.

மகள் போனில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்: வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கையை நெஞ்சின் வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தேன். அவருக்குள் போன புகையில் ஒரு வாய் எனக்குள்ளும் இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

வாக்குமூலம் வக்கீல் எழுதிக் கொடுத்தார். 'மனுதாரர் அறியாமையினாலும் நிர்ப்பந்தத்தினாலும்' என்று ஆரம்பித்திருந்தார். அறியாமை இல்லை, நிர்ப்பந்தமும் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்துதான் எழுதினேன். முழுவதையும் நானே மாற்றி எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

சைரனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஜூலை 2, புதன்

பத்து மணிக்கு விசாரணை, ஒன்பதரைக்கே போய்விட்டேன். நீளமான அறை, நீளமான மேஜை, மூன்று பேர். தண்ணீர்க் குவளைகளில் ஒன்றுக்கு மூடி இல்லை.

தலைவர் என் கடித நகலைத் தூக்கிக் காட்டினார். "இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா."

"இதுல இருக்கறது உண்மையா?"

"இல்ல. பொய். நான் எழுதின பொய்."

தலைவர் நகலைக் கீழே வைத்தார். பிறகு அவர், கடுமையாக அல்ல, தெரிந்துகொள்ளும் குரலில், "ஏம்மா அப்படி எழுதினீங்க? பதவி உயர்வுக்காகவா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் தயாராகப் போயிருந்தேன். வாக்குமூலத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனால் வாயில் வேறு வந்தது.

"அதுவும்தான். ஆனா அந்த வரிய எழுதும்போது எனக்குப் பிடிச்சிருந்தது. நாள் முழுவதும் வீட்டில் இருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்படி ஒரு நாள் வரவே இல்லைங்க. சாப்பிட உக்காந்தா மணி அடிக்கும். பொண்ணுக்கு அம்மை போட்டப்ப அடிச்சது. எங்க அம்மா செத்தப்ப அடிச்சது. பேப்பர்லயாவது ஒரு நாள் இருக்கட்டுமேன்னு..."

முடிக்க முடியவில்லை. மூன்று அந்நிய ஆண்களுக்கு முன்னால். பள்ளியில் பிரம்படி வாங்கியபோதுகூட நான் கண் கலங்கியதில்லை. மூடி இல்லாத குவளையைத்தான் கொடுத்தார்கள். குடித்தேன்.

அப்போது வெளியே தாழ்வாரத்தில், "அறை எண் நாலுதானேய்யா? நாலுதானே?" கட்டடமே அதிர்ந்தது.

சைரன். சலவைச் சட்டை. கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம், சணலால் கட்டி. அவருக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில் பேத்தி. மேஜையில் பொட்டலத்தைப் பிரித்தார். தங்கநிறச் சட்டம்.

"ஐயா, இது என்னோடதில்ல. என் தகடு. ஆளு அண்ணன். பம்ப விட்டு நகந்தா உள்ள இருக்கறவங்களுக்குத் தண்ணி கெடைக்காது, நான் எங்கய்யா உள்ள போறது? எடுத்துக்குங்க."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"கழுத்துல மாலை விழுந்துட்டா கழட்டறது கஷ்டம்யா."

நிலைய அதிகாரி இரண்டு தாள்களையும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

படியிறங்கும்போது சைரன் என் பக்கம் பார்க்கவில்லை. பேத்தி பார்த்தாள். "பாட்டி, கட்டுரைய மறுபடியும் எழுதணும். அந்தத் தாத்தாவப் பத்திச் சொல்றீங்களா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். கோடு போட்ட நோட்டு கொண்டுவரச் சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

உடம்பு அசதி. பால் பாக்கெட் கசிந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

உத்தரவு வந்தது. உறையில் 'திருமதி' இருக்கிறது.

பெயர் ஏற்கப்பட்டது. காவலாளியை மீட்டதற்கான நற்சான்று அவர் பெயருக்கு மாற்றப்படும். ஓட்டுநர்மீது மேல்நடவடிக்கை இல்லை. கடைசிப் பத்தி: 'மனுதாரர் பொய்யான கடிதம் அளித்தது கண்டிக்கத்தக்கது என்று இக்குழு பதிவுசெய்கிறது.'

வக்கீல் குதித்தார். அந்தப் பத்தியை நீக்கக் கேட்கலாமாம். வேண்டாம் என்றேன். அது சரியாகத்தான் இருக்கிறது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் எழுதியிருப்பேன். இன்னும் இரண்டு வரி கூடுதலாக.

என் பேனா திரும்பி வந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நிலையத்து வாசலில் கல். ஆறு பெயர்களுக்குக் கீழே ஏழாவது. கல்தச்சர் நேற்றே செதுக்கி முடித்துவிட்டார். எழுத்துப் பள்ளங்களில் இன்னும் மாவு போல வெள்ளைத் தூசி. கைக்குட்டையால் துடைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக. யாரும் அவசரப்படுத்தவில்லை. கல் வெயிலில் சூடாக இருந்தது. வேலையிலிருந்து வரும்போது அவர் முதுகு அப்படித்தான் இருக்கும்.

பிறகு உள்ளே, இப்போது பணியில் இருப்பவர்களின் வீட்டுக்காரர்கள், வீட்டுக்காரிகள் இருபது பேரை உட்கார வைத்து என்னைப் பேசச் சொன்னாள் அதிகாரி. கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், எவ்வளவு சுத்தக்காரியாக இருந்தாலும் அதைத் துவைக்காதீர்கள் என்றேன். ஒரு பெண் எழுந்து, "கரியோட வந்தாத்தான் வேல செஞ்ச மாதிரி இருக்குங்கறாரும்மா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். "அப்போ அவரையும் சேத்து நிலையத்துலயே மாட்டி வைக்கச் சொல்லு" என்றேன். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் இரண்டு வாக்கியங்களைத் திருத்திக் கொடுத்தேன்.

கிளம்பும்போது அதிகாரி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து தகட்டை எடுத்தாள். எனக்கு சல்யூட் அடித்துவிட்டுக் கொடுத்தாள். பதினான்கு. நான்கின் ஓரம் தேய்ந்திருக்கிறது. அவர் கட்டைவிரல் அங்கேதான் பட்டிருக்க வேண்டும். என் விரலை வைத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் வாசற்கதவுக்குப் பக்கத்தில், வீட்டின் உள்பக்கச் சுவரில், ஓர் ஆணி அடித்தேன். நானே. முக்காலியைப் பிடிக்க ஆள் இல்லை, மெதுவாக ஏறினேன். பித்தளைக்குப் போடும் பொடியைத் தொடவில்லை. தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கட்டும்.

மாட்டினேன். இறங்கினேன். கொஞ்ச தூரத்திலிருந்து பார்த்தேன்.

பிறகு சமையல், துணி, பேப்பர். எங்கும் போகவில்லை. மதியம் தெருவில் தீயணைப்பு வண்டி ஒன்று போனது. எண்ணினேன், ஒன்றுதான். கம்பி ஒரு விரல் கீழே. திரைச்சீலை கொஞ்சம் அசைந்தது.

நாள் முழுவதும் வீட்டில் இருந்தார்.